பட்டியலும் பாடும்

ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளிவருகிறது. வெளிவந்த மறுநாளே அது கல்லூரி வாயில்களில் பதாகையாகவும், நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாகவும், பேருந்துகளின் முதுகில் சுவரொட்டியாகவும் உருமாறிவிடுகிறது. தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு என்பது அதன் முழுப்பெயர், என்.ஐ.ஆர்.எஃப். என்ற எழுத்துகளாலேயே அது மக்களுக்கு அறிமுகம். நடுவணரசு 2015-இல் அறிவித்து, 2016 ஏப்ரலில் முதன்முதலாக வெளியிட்ட இப்பட்டியல், 2025 செப்டம்பர் 4 அன்று தனது பத்தாம் பதிப்பைக் கண்டது. ஒரு நூல் பத்துப் பதிப்புக் கண்டால் அதனைத் திறனாய்வது இதழ்களின் கடமை. இப்பட்டியலையோ எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். படித்தவர் மிகச் சிலரே. எனவே இதனையும் ஒரு நூலாகவே எடுத்துக்கொண்டு, இதன் அளவுகோல் யாது, இது யாருக்காக எழுதப்பட்டது, நம் கையில் இதற்கு என்ன பயன் என்று கேட்டுப்பார்க்க விழைகிறேன்.

கேள்வி எங்கிருந்து எழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் ஊர்களுள் காட்டூரும் ஒன்று. மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், மதிப்பெண் தாளோடு இப்பகுதிப் பெற்றோர் பங்கு இல்லத்தின் திண்ணைக்கு வருகிறார்கள். "சாமி, புள்ளய எங்க சேக்கலாம்?" என்பது அவர்கள் கேள்வி. எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு, எந்த வண்டி, படித்து முடித்தபின் என்ன என்னும் நான்கு கேள்விகளும் அந்த ஒரு சொற்றொடருக்குள் அடங்கியுள்ளன. கையில் மடித்து வைத்திருக்கும் விளம்பரத் துண்டில், 'தேசிய அளவில் இத்தனையாவது இடம்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கேள்விக்கும் துண்டுக்கும் உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பட்டியலுக்குரிய பெருமையைத் தந்துவிடுவோம். அது வருவதற்கு முன் நம்மிடம் இருந்தவை, தனியார் வார இதழ்கள் தொகுத்த வரிசைகளும், கல்லூரிகள் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொண்ட புகழுரைகளுமே. அரசே ஓர் அளவுகோலை வகுத்து, அதனை எல்லாரும் காணுமாறு வெளியிட்டது நற்செயல்தான். பொறியியல் நிறுவனங்களுக்குரிய அளவுகோலைப் பாருங்கள். கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி முதலிய பயன்களுக்கு 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளுதலுக்கு 10, பிறர் கொண்டுள்ள மதிப்புக்கு 10. 2016 முதல் பொறியியலிலும், 2019 முதல் ஒட்டுமொத்த வரிசையிலும் சென்னை ஐ.ஐ.டி. முதலிடம் வகித்து வருகிறது. அதனை ஐயுறுவார் யாருமிலர். முதல் நூறு கலை, அறிவியல் கல்லூரிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தவை என்பதும் நமக்குப் பெருமையே.

ஆயினும் அளவுகோலை அணுகி நோக்குகையில் சில கணக்குகள் நெஞ்சை உறுத்துகின்றன. 'பிறர் கொண்டுள்ள மதிப்பு' என்பது, வேலை தருவோரிடமும் கல்வியாளரிடமும் கருத்துக் கேட்டு இடப்படும் மதிப்பெண். பெயர் பெற்ற கல்லூரிக்குப் பெயர் இருப்பதற்காகவே மதிப்பெண். அம்மதிப்பெண்ணால் மேலும் பெயர். செவிவழிச் செய்திக்குப் பத்து விழுக்காடு தந்துவிட்டு, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுதல் என்ற பெரும்பொருளுக்கும் அதே பத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்தும் எவ்வாறு பங்கிடப்பட்டது? பல ஆண்டுகளாகக் கையாளப்பட்டுவரும் முறைப்படி, பிற மாநிலங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து பயிலும் மாணவர்க்காக நூற்றுக்கு 30, பெண்களுக்காக 30, முழுக் கட்டணமும் திரும்ப வழங்கப்படும் ஏழை மாணவர்க்காக 20, மாற்றுத்திறனாளர்க்கான வசதிகளுக்காக 20. பத்து விழுக்காட்டில் இருபது என்றால் மொத்தத்தில் இரண்டு. வெளிமாநிலத்தாரைச் சேர்ப்பதற்கு மூன்று. ஏழையைச் சேர்ப்பதற்கு இரண்டு!

ஓர் எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு எனச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோரை ஆண்டுக்கு ஐந்நூறு பேராக உருவாக்கும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. அதன் உழைப்பு இந்த அளவுகோலில் எங்கே பதிவாகும்? வெளிமாநிலத்தார் இல்லாமையால் மூன்றும் போயிற்று. ஆசிரியர்கள் ஆய்வேடுகளுக்குச் செலவிட வேண்டிய நேரத்தைப் பின்தங்கிய மாணவர்க்குத் தனிவகுப்பு எடுப்பதில் செலவிட்டால் ஆராய்ச்சி மதிப்பெண்ணும் குறையும். எந்த நிலையில் ஒரு மாணவன் உள்ளே நுழைந்தான், எந்த நிலையில் வெளியேறினான் என்ற இடைவெளியை இப்பட்டியல் அளப்பதில்லை. உயரத்தை அளக்கிறது, உயர்த்தியதை அளக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெற்றவனைச் சேர்த்துக்கொண்டு அவனைத் தேர்ச்சி பெறவைப்பதற்குப் பெரும் ஆசிரியத் திறன் தேவையா என்று ஒரு முதிய தலைமையாசிரியர் என்னிடம் கேட்டதுண்டு. சற்றுக் கடுமையான கேள்வியே. ஆனால் பொருந்தாத கேள்வி அன்று.

இனி, வரிசை எண்ணின் நிலைபேறு. 2017-இல் கல்லூரிகளுக்கான பட்டியல் முதன்முறையாக வந்தபோது, தில்லி மிராண்டா ஹவுஸ் முதலிடமும் நமது சென்னை இலயோலா இரண்டாமிடமும் பெற்றன. அடுத்த ஆண்டு இலயோலா ஆறாமிடம். பன்னிரண்டு திங்களில் அங்கு என்ன சரிந்துவிட்டது? நூலகம் அதே நூலகம், வகுப்பறைகளும் அவையே. முந்தைய ஆண்டு போட்டியில் கலந்துகொள்ளாத தில்லிப் புனித ஸ்டீபன் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் 2018-இல் கலந்துகொண்டு முன்னிடங்களில் அமர்ந்தன என்பதும் ஒரு காரணம். 2017-இல் இலயோலாவின் இரண்டாமிடத்தைக் கொண்டாடியவரும் 2018-இல் ஆறாமிடத்துக்கு வருந்தியவரும், வராதவர் யார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இந்நாட்டில் 45,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. 2024-ஆம் ஆண்டுப் பட்டியலுக்குத் தம் விவரங்களை அளித்தவையோ மூவாயிரத்துச் சில நூறு மட்டுமே. அச்சிறு வட்டத்துக்குள்தான் 'நாட்டிலேயே' என்ற சொல் வழங்கப்படுகிறது.

விவரங்களைத் தருவதும் அந்தந்த நிறுவனமே. இது வெறும் நம் நாட்டுச் சிக்கல் அன்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்நாட்டுப் புகழ்பெற்ற பட்டியலொன்றில் இரண்டாமிடத்தில் இருந்தபோது, 2022-இல் அப்பல்கலைக்கழகத்திலேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தடேயஸ், தம் நிறுவனம் அளித்த எண்கள் உண்மைக்குப் பொருந்தவில்லை என்று விரிவாக எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் அது பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. தம் நிறுவனம் புகழப்படும்போது 'இப்புகழ் எமதன்று' என்று சொல்ல ஒருவர் இருந்தாரே என்பதுதான் இச்செய்தியில் எனக்குப் பிடித்த பகுதி. நம் நாட்டிலும் 2020-இல் சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.கள், வெளிநாட்டுத் தரவரிசையொன்றின் முறையில் வெளிப்படைத்தன்மை இல்லையென்று கூறி, அதில் பங்கேற்பதில்லை என அறிவித்தன. உள்நாட்டுப் பட்டியலின்மீதும் வழக்கு வந்தது. 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்துப் பின்னர் அத்தடை நீங்கியது. 2025-ஆம் ஆண்டுப் பதிப்பில், வெளியிட்டபின் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை புகுத்தப்பட்டது. எண்ணிக்கைக்காகவே எழுதப்பட்ட கட்டுரைகள் பெருகியதை அளவுகோல் வகுத்தவர்களே உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 2024 ஜூலையில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்ததும் நினைவிருக்கலாம். ஒருவரே பல இடங்களில் இருத்தல் புனிதர் சிலரது வரலாற்றில் கூறப்படும் அருங்கொடை. பொறியியல் ஆசிரியர்களுக்கும் அது இவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டிருப்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

பட்டியலின் மிகப்பெரும் குறை என நான் கருதுவது வேறொன்று. அது நிறுவனத்தை வரிசைப்படுத்துகிறது. பிள்ளையோ ஒரு படிப்பில் சேருகிறது. ஒரு கல்லூரியின் வேதியியல் துறை சிறந்திருக்க, அதன் கணினித் துறையில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவலாம். இரண்டுக்கும் பதாகையில் ஒரே எண். இதன் விளைவாகப் பெற்றோர் முதலில் கல்லூரியைத் தேர்ந்து, பின்னர் அங்கு எஞ்சியிருக்கும் படிப்பில் பிள்ளையைப் பொருத்தப் பார்க்கிறார்கள். கணினிப் பிரிவுகள் நிரம்பி வழிய, கட்டுமானமும் இயந்திரவியலும் காற்று வாங்குகின்றன. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துள்ள ஒரு கரையில், இயந்திரவியல் படித்தவனுக்கு எத்தகைய வேலை கிடைக்கிறது, அது நிலையான வேலையா, ஒப்பந்தக் கூலியா என்பதை அங்கு வேலை செய்யும் பக்கத்து வீட்டு இளைஞனிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். தரவரிசையைப் புரட்டித் தெரியாது.

மீன்வளப் படிப்பையே எடுத்துக்கொள்வோம். பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி அது. நான்கு ஆண்டு இளநிலை மீன்வள அறிவியல் பட்டம் அங்குக் கற்பிக்கப்படுகிறது. மீனவர் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு பொறியியலைப் போலவே இப்படிப்புக்கும் பொருந்துகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியின் கரையில் பிறந்து, இறாலின் பருவத்தையும் முகத்துவாரத்தின் போக்கையும் தந்தையிடமே கற்ற ஒரு பெண்பிள்ளைக்கு இதனினும் அண்மையான அறிவியல் வேறு எது? ஆயினும் பொறியியல் கலந்தாய்வின் ஆரவாரத்தில் இதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. அறியும்போது நாள் கடந்திருக்கும். அல்லது பதினோராம் வகுப்பில் உயிரியல் இல்லாத பிரிவை எடுத்திருப்பார்கள். முடிவு உண்மையில் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் எடுக்கப்படுவதன்று. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே, பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து பேசாமலே, எடுக்கப்பட்டுவிடுகிறது. மீனவன் பிள்ளை மீனைத்தான் படிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது வேறொரு வகைச் சிறைப்படுத்தலாகும். கணிதம் பிடித்த பிள்ளை கணிதம் படிக்கட்டும். பொன்னேரியிலேயே உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது. தொடர்வண்டி ஏறினால் சென்னையின் கல்லூரிகள் அனைத்தும் எட்டும் தொலைவே. தெரிந்து தேர்வதற்கும் தெரியாமல் போய்ச் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டையே சுட்டுகிறேன்.

இவ்விடத்தில் இந்த ஏரியின் மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒரு முறையை நினைவுகூர வேண்டும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியில் வலையிடும் இடங்களைப் 'பாடு' என்ற முறையால் பகிர்ந்துகொண்டு வந்துள்ளனர். முகத்துவாரத்தை அடுத்த நீரில் இறால் மிகுதி. உள்ளே செல்லச் செல்லக் குறைவு. நல்ல இடம் வல்லவனுக்கு என்று விட்டிருந்தால் ஏரி சிலர் கைக்குப் போயிருக்கும். ஆகவே சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கி, முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவன் அதிலேயே நிலைத்துவிட இயலாது. இம்முறையைக் குறையற்றதென்று கொண்டாடவும் நான் விரும்பவில்லை. உரிமையுள்ள குடும்பங்களுக்குள் அது நேர்மை. உரிமை மறுக்கப்பட்ட பிற ஊரார்க்கும் பிற சாதியார்க்கும் அதுவே மதில். அதன்பொருட்டு எழுந்த பூசல்களும் உண்டு. எனினும், எல்லாருக்கும் போதாத ஒரு நன்மையைத் தகுதிவரிசை ஒன்றினாலன்றிப் பங்கிட இயலாது என்று கூறுவோர்க்கு, நம் கரையிலேயே ஒரு மறுமொழி நெடுங்காலமாக இருந்து வருகிறது.

குலுக்கல் என்றவுடன் நகைக்க வேண்டா. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சமவாய்ப்பு எண் தரப்படுகிறது. கணிதத்துக்கு நூறும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பதைம்பதுமாக இருநூற்றுக்குக் கணக்கிட்டு, இருவர் எல்லா வகையிலும் சமமாகி நின்றால், இறுதியில் அந்த எண்ணே யார் முன், யார் பின் என்று முடிவு செய்கிறது. நெதர்லாந்து நாட்டிலோ 1970-கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மருத்துவப் படிப்புக்குரிய இடங்களையே குலுக்கலால் நிரப்பினார்கள். மதிப்பெண் கூடியவர்க்கு வாய்ப்புக் கூடுதல். குறைந்தவர்க்கும் கதவு முற்றிலும் மூடப்படவில்லை. வரிசை என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. இயற்கையின் கட்டளையன்று என்பதற்கு இவையெல்லாம் சான்று.

'அப்படியானால் தரவரிசையைத் தூக்கி எறிந்துவிடலாமா?' என்று வாசகர் கேட்கலாம். எறிய இயலாது, ஏனெனில் அரசே அதற்கு விலை வைத்துவிட்டது. 2024 நவம்பர் 6 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின்படி, பிணையும் பொறுப்பாளரும் இன்றி மாணவர் கல்விக்கடன் பெறலாம். ஏழரை இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 75 விழுக்காடு அரசே உறுதி நிற்கிறது. ஆண்டு வருமானம் எட்டு இலட்சம் வரையுள்ள, வேறு உதவி பெறாத குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் வரையிலான கடனின் வட்டியில் 3 விழுக்காடு குறைப்பும் உண்டு. பிணை வைக்கப் படகும் வலையும் தவிர ஏதுமில்லாத காட்டூர்க் குடும்பத்துக்கு இது பெரும் உதவிதான். ஆனால் இக்கடன் எல்லாக் கல்லூரிகளுக்கும் கிட்டாது. தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வந்தவை, 101 முதல் 200 வரை வந்த மாநில அரசு நிறுவனங்கள், நடுவணரசின் நிறுவனங்கள் எனத் தொடக்கத்தில் ஏறத்தாழ 860 ஆக இருந்த நிறுவனங்களில் சேர்ந்தோர்க்கே அது உரியது. அதாவது, வடிகட்டி எடுத்த இடத்தில் இடம் கிடைத்தவனுக்கு எளிய கடன்; கிடைக்காதவன் பிற கடன் திட்டங்களின் வாயிலிலும், அதுவும் கைகூடாதபோது கந்துவட்டிக்காரன் வாயிலிலும் நிற்க வேண்டும். எழுபத்தைந்து விழுக்காடு மதிப்பெண் பெற்ற மீனவப் பிள்ளை செய்த குற்றம் யாது? தகவலாகப் பிறந்த பட்டியல் இப்போது சுங்கச்சாவடி ஆகிவிட்டது. என் எதிர்ப்பு பட்டியலின்மீது அன்று; அதன்மீது ஏற்றப்பட்ட இந்தச் சுமையின்மீதே.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளும் இதில் விலகி நிற்கவில்லை. வரிசை எண்ணைச் சேர்க்கை விளம்பரத்தின் நெற்றியில் பொறிக்கிறோம். கடலோரப் பங்குகளிலிருந்தும் சேரிகளிலிருந்தும் எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம், அவர்களுள் எத்தனை பேர் இடைநின்றார்கள் என்பதை அதே எழுத்தளவில் அச்சிட்ட விளம்பரம் ஒன்றை நான் இன்னும் கண்டதில்லை.

பட்டியலில் பயனுள்ள பகுதி எதுவெனில், யாரும் பதாகையில் அச்சிடாத பகுதியே. ஒவ்வொரு நிறுவனமும் தரவரிசைக்காக அளித்த விவரங்களைத் தன் இணையதளத்தில் பொதுமக்கள் காண வைத்திருக்கிறது. அதில் முதலாண்டில் சேர்ந்தோர் எத்தனை பேர், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலைக்குச் சென்றோர் எத்தனை பேர், அவர்களது இடைநிலை ஊதியம் என்ன, மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர், முழுக் கட்டணமும் திரும்பப் பெற்ற மாணவர் எத்தனை பேர் என்னும் கட்டங்கள் உள்ளன. ஆசிரியர்களின் பெயர், தகுதி, பணிக்காலம் ஆகியனவும் உண்டு. நூற்று இருபது பேர் சேர்ந்து எழுபது பேர் மட்டும் உரிய காலத்தில் வெளியேறியிருந்தால், எஞ்சிய ஐம்பது பேர் என்ன ஆனார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்கலாம். கேட்கும் உரிமை பணம் கட்டுபவருக்கு உண்டு. இடைநிலை ஊதியத்தை, நான்காண்டுக் கட்டணம், விடுதி, பேருந்துச் செலவு ஆகியவற்றின் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். இவ்விவரங்கள் கல்லூரி முழுமைக்குமானவை. துறைவாரியாகப் பிரித்துத் தரப்படுவதில்லை. ஆகவே துறையைப் பற்றி அறிய வேண்டுமாயின், அங்கு இரண்டாமாண்டு படிக்கும் ஒருவரிடமே கேட்க வேண்டும். காலை நேரத்தில் பொன்னேரி நிலையத்தில் சென்னை வண்டிக்காக நிற்கும் கூட்டத்தில் அத்தகையோர் ஒருவரேனும் நிச்சயம் இருப்பார்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப அறிவிப்பும், பொறியியல் கலந்தாய்வு அறிவிப்பும், அரசு கலைக் கல்லூரிகளுக்கான அறிவிப்பும் தனித்தனியே வருகின்றன. மூன்றின் இறுதி நாள்களையும் சிற்றாலய அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைக்குமாறு இப்பகுதி இளைஞர் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடலாம்.